தம்பி ஓடி வந்த படம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய இடம். கலியாணம், பிறந்தநாள் எல்லாம் அங்கே நடக்கும். கழுவுவதற்குக் கோப்பைகள் குறைந்ததே இல்லை. குசினியில் நின்று சமைத்தவர்கள் எல்லோரும் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள். தமிழன் நான் ஒருவன்தான்.

வீடு மல்வேர்னில். மாடிக் கட்டடம், இரண்டு அறை. நான், மனைவி, என் தம்பி. தம்பி என்னைவிட நன்றாக இளையவன். தாய் தகப்பன் இல்லை. நான்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டி அவனை இங்கே எடுத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பெடியள் இரண்டு பகுதியாகப் பிரிந்து நின்றார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. கோப்பிக் கடை வாசலில் முறைத்ததில் தொடங்கியது. கடைக்காரர்களைப் பயமுறுத்துவது, ஆளை ஆள் வெட்டுவது என்று வளர்ந்துவிட்டது. தம்பி ஒரு பகுதியோடு திரிந்தான். பெரிய ஆள் இல்லை. நன்றாகக் கார் ஓட்டுவான். அந்தக் கூட்டத்தில் அதற்கு மரியாதை.

ஒரு நாள் சப்பாத்து எடுக்க அலுமாரியைத் திறந்தேன். துவாயில் சுற்றியபடி ஒரு வாள் இருந்தது. திரும்ப மூடிவிட்டேன். அவன் வந்ததும் கேட்போம் என்று இருந்தேன். அவன் வரவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெடியனை வெட்டிப்போட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. பெடியன் உயிர் தப்பினான். கை பிறகு சரிவரவில்லை.

அடுத்த நாள் பொலிஸ் வந்தது. வெட்டியது தம்பி இல்லை. வெட்டியவர்களைக் காரில் ஏற்றி இறக்கியவன் அவன். அவன் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒளிக்கக்கூடிய இடம், ஒரு கூட்டாளியின் வீட்டு பேஸ்மென்ற், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். மறியலில் இருந்தால் கம்பிக்கு வெளியே நின்றாவது போய்ப் பார்க்கலாம். செத்துப்போனால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் யோசித்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அன்றிரவே அங்கே போய் அவனைப் பிடித்தார்கள். யார் சொன்னது என்று பொலிஸ் அவனிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த பேஸ்மென்ற் வெளி ஆட்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் சனத்துக்குக் காட்டிக் கொடுத்தவன் என்பதைவிடக் கெட்ட பெயர் இல்லை. ஊரில் ஆமிக்காரனின் ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு இருந்து தலையாட்டியவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். யாரைப் பார்த்துத் தலை ஆடியதோ, அவன் திரும்பி வந்ததில்லை. தம்பி என்னையும் அந்த ஆட்களோடு சேர்த்துவிட்டான்.

சில கிழமை மறியலில் இருந்தான். பிறகு பிணையில் விட்டார்கள். பிணைக்குக் கையெழுத்து வைத்தது நான். வேறு யார் இருக்கிறார்கள்? வழக்கு முடியும் வரைக்கும் என் வீட்டில்தான் இருக்க வேண்டும், என்னோடு அல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. காட்டிக் கொடுத்தவனின் வீட்டில், காட்டிக் கொடுத்தவனோடு மட்டும் திரியும்படி சட்டம் அவனைக் கட்டிப்போட்டது.

அவன் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டான். எங்கள் ஊர்க் கோபம் அப்படித்தான். சத்தம் போடுவதில்லை, அடிபடுவதில்லை. ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்காகக் கதையாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் நிற்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் மனைவி.

"அண்ணி, அவருக்கு ரெலிபோன்" என்பான். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

"அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். அவன் முன்னாலேயே இருப்பான்.

ஒரு நாள் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன உங்கட வீட்டு ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ? ஒராள் இஞ்சாலை, ஒராள் அங்காலை. நடுவிலை நான் வயரை மாத்தி மாத்திக் குத்திக்கொண்டு நிக்கிறன்" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டோம்.

வழக்கு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான். "அண்ணி, கேஸ் முடியிற அண்டைக்கே மொன்றியலுக்கு பஸ் ஏறிடுவன். பிறகு இந்தப் பக்கம் வரமாட்டன். அவரிட்டைச் சொல்லி விடுங்கோ."

மொன்றியலில் இருந்தது அவன் திரிந்த கூட்டத்தின் இன்னொரு கிளை. அங்கே போனால் இவன் எனக்கு இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். போகாதே என்று சொல்ல வேண்டும். மனைவியை நடுவில் வைத்துச் சொல்கிற கதையா அது? சொல்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். சீனப் படம். தம்பிக்கு ஹொங்கொங் சண்டைப் படம் என்றால் உயிர். வெளியே போக முடியாதவன். ஆகவே எங்கள் குசினியில் வாத்து வாட்டுகிறவரிடம் நான் வீடியோக் கொப்பி வாங்கிக்கொண்டு வருவேன். கொண்டுவந்து ரீவிக்கு மேலே வைத்துவிடுவேன். தம்பி எடுத்துப் போடுவான். அவன் நிலத்தில், நான் செற்றியில். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை அவன் வாசிப்பான். எனக்கு அந்த வேகத்தில் வாசிக்க வராது. முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போதும்.

கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வீட்டில் ஒருவன் பொலிஸ், மற்றவன் கள்ளக் கூட்டத்தில். நடுவில் தாய் ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருப்பாள். யாராவது ஒருவர் பக்கம் நிற்க வேண்டி வரும். பிறகு சுடுபாடு. மனைவி ஒரு நாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் வேறை படமே கிடைக்கேல்லையோ?" என்று கேட்டு எழும்பிப் போனாள்.

பனி கரைந்த நேரம். முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், ஹொங்கொங்கிலிருந்து ஒரு படக் கூட்டம் வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை கடையை மூடி அவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று. குசினிக் காட்சிக்கு நாங்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டு நின்றால் போதும். சாப்பிடுகிற ஆட்களாக இருப்பதற்குத் தெரிந்தவர்களையும் கூட்டி வரலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மற்ற அறைக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். கதவு திறந்தது.

"அண்ணி, பொலிஸ் படமோ எண்டு கேளுங்கோ."

"ஓமாம்" என்றாள் மனைவி, என்னைக் கேட்காமலே.

"நானும் வரலாமோ எண்டு கேளுங்கோ."

"வரச் சொல்லு. நல்ல சேர்ட் ஒண்டு போடச் சொல்லு" என்றேன்.

"தம்பி, நல்ல சேர்ட்டாப் போடட்டாம். இஞ்சாருங்கோ, அவர் போடுவாராம்" என்று மனைவி இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லி முடித்தாள்.

செவ்வாய் காலை பஸ்ஸில் போனோம். அவன் முன்னுக்கு ஏறி முன்னுக்கே இருந்தான். நான் பின்னுக்குப் போய் இருந்தேன். என்னோடு போக வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. ஒரே சீற்றில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

உணவகத்தின் வாசலில் நிறையப் பொலிஸ் உடுப்பு. இடுப்பில் துவக்கு. தம்பி நின்றுவிட்டான். பின்னால் வந்த நானும் நின்றுவிட்டேன். அவர்கள் நிலத்தில் குந்தியிருந்து நூடில்ஸ் சாப்பிடுவதைக் கண்ட பிறகுதான் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

என்ன கதை என்று வாத்து வாட்டுகிறவரிடம் கேட்டேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு. அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். தகப்பனுக்குப் பிறந்தநாள் விருந்து. மூத்த மகன் பொலிஸ். இளையவன் கூட்டத்தில் இருக்கிறான், பொலிஸுக்கு ஒளித்துத் திரிகிறான். தகப்பனைப் பார்க்க விருந்துக்கு வருவான் என்று தெரிந்து, மூத்தவன் அங்கே பிடிக்க வருகிறான். இளையவனின் ஆட்கள் சுடுகிறார்கள்.

"இளையவன் பிறகு என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

தெரியாது என்றார். முடிவு இன்னும் எழுதவில்லையாம். அவர்கள் அப்படித்தானாம், எடுத்துக்கொண்டு போகும்போதே எழுதுவார்களாம்.

நான் போய்க் கோப்பை கழுவுகிற இடத்தில் நின்றேன்.

அந்த இடத்தில் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. சாப்பாட்டு மண்டபத்தில் எடுக்கிற கோப்பைகளை அதன் வழியாகத்தான் எனக்குத் தள்ளுவார்கள். தம்பியை அந்த ஜன்னலுக்குக் கிட்ட ஒரு வட்ட மேசையில் இருத்தினார்கள். தலையை நிமிர்த்தினால் அவன் எனக்குத் தெரிவான். நான் அவனுக்குத் தெரிவேன்.

வெடி கேட்டதும் மேசைகளில் இருப்பவர்கள் கத்திக்கொண்டு முன் வாசலால் ஓட வேண்டும். நான் திரும்பிப் பார்க்காமல் கழுவிக்கொண்டே நிற்க வேண்டும். ஒத்திகையில் வெடிக்குப் பதிலாக ஒரு பெடியன் கை தட்டினான். எல்லோரும் ஓடினார்கள். தம்பி நன்றாக ஓடினான். பக்கத்து மேசையில் இருந்த சீன அம்மா ஒருவர் ஓடும்போது அவனுடைய காலை மிதித்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்க, அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

பிறகு உண்மையாக எடுக்கப்போகிறோம் என்றார்கள். காதுக்குப் பஞ்சு தந்தார்கள். சத்தம் மட்டும்தான், ஒன்றும் வராது என்று ஒவ்வொருவரிடமும் வந்து சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள். விளங்கியது என்று தலையாட்டினேன்.

வெடித்தது.

நான் நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. கையிலிருந்த கோப்பைகள் என்னோடு விழுந்து உடைந்திருந்தன. கன்னம் ஈர நிலத்தில். பொய் வெடி என்று தலைக்குத் தெரியும். உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சத்தம் கேட்டதும் விழுந்தவன்தான் இன்றைக்கு இருக்கிறான். நின்று யோசித்தவன் இல்லை.

அடுத்தடுத்து வெடித்தது. என் தலைக்கு மேலே சட்டிகள் பறந்தன. அது அவர்கள் மருந்து வைத்துச் செய்த வேலை. புகை மூடியது. மண்டபத்தில் சனம் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல். "அண்ணை!"

கதவால் வரவில்லை. அந்த ஜன்னலுக்குள்ளால் தலைகீழாக விழுந்து வந்தான். அங்கே அடுக்கியிருந்த அவ்வளவு கோப்பையும் அவனோடு வந்தது. எழும்பவில்லை. தவழ்ந்து வந்து என் மேல் விழுந்தான். ஒரு கையால் என் தலையை மூடிக்கொண்டான்.

"எழும்பாதேங்கோ அண்ணை. எழும்பாதேங்கோ. எங்கை பட்டது? எங்கை பட்டது?"

மற்றக் கையால் என் முதுகைத் தடவினான். சேர்ட் முழுக்க ஈரம். கையை எடுத்துப் பார்த்தான். சவர்க்கார நுரை.

"படேல்லை" என்றேன்.

"அப்ப ஏன் விழுந்தனீங்கள்?"

"வெடி கேட்டது. விழுந்தன்."

"உது பொய் வெடி எண்டு காலமையிலையிருந்து சொல்லுறாங்கள். விசரே உங்களுக்கு?"

"உனக்கும்தானே சொன்னவங்கள். நீ ஏன் ஓடி வந்தனீ?"

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் சின்னக் காயம். எழும்பி நின்று கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

குசினி முழுக்க ஆட்கள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது வாத்து வாட்டுகிறவர் முன்னுக்கு வந்து தங்கள் மொழியில் நெடுகச் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. நடுவில் ஸ்ரீலங்கா என்ற சொல் மட்டும் விளங்கியது.

டைரக்டர் சின்ன மனுசன். பற்ற வைக்காத சிகரெட்டை வாயில் வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் என்ன சொல்லிக் கத்தினான் என்று வாத்து வாட்டுகிறவரைக் கேட்கச் சொன்னார். மூத்த சகோதரனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தரையில் கிடந்த கோப்பைத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். வாத்து வாட்டுகிறவர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் ஓடித் திரிந்தார்கள்.

"என்னவாம் அண்ணை?" என்று தம்பி கேட்டான். நேரே என்னைத்தான் கேட்டான். நடுவில் வைக்க அங்கே ஆளும் இல்லை.

"அப்பிடியே திரும்ப ஓடி வரட்டாம். படத்திலை வைக்கப்போறாராம்."

"கத்தவும் வேணுமோ?"

வாத்து வாட்டுகிறவரிடம் கேட்டேன். "கத்தவும் வேணுமாம்."

"விசரங்கள்" என்றான். போய் மேசையில் இருந்தான்.

முதல் தடவை வெட்கப்பட்டுக்கொண்டு கத்தினான். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. திரும்பக் கோப்பை அடுக்கினார்கள், திரும்ப வெடித்தது, திரும்ப ஜன்னலால் விழுந்தான். நான் ஒவ்வொரு முறையும் விழுந்தேன். எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அவனுக்குக் குரல் அடைக்கும் வரைக்கும் விடவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்த ஒரு சொல்லை, எங்கிருந்தோ வந்த அந்த மனுசன் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டார். கடைசியில் குசினி முழுக்க "அண்ணை, அண்ணை" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தது. வாத்து வாட்டுகிறவர், நான் அந்த வேலையை விடும் வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

பின்னேரம் பஸ்ஸில் நான் வழக்கம் போலப் பின்னுக்குப் போய் இருந்தேன். அவன் முன்னுக்கு நின்று கொஞ்சம் யோசித்தான். பிறகு வந்து பக்கத்தில் இருந்தான். பஸ் மல்வேர்னைக் கிட்டியது.

"நீங்கள் அண்டைக்குச் சொன்னது பிழைதான் அண்ணை" என்றான்.

நான் கையிலிருந்த பஸ் துண்டை மடித்தேன்.

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்."

"திரும்ப வந்து கேட்டாலும் சொல்லுவன்" என்றேன்.

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். இறங்குகிற இடம் வரும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எழும்பி வேறு சீற்றுக்குப் போகவும் இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி, "எப்பிடித் தம்பி சூட்டிங்? நெத்தியிலை என்ன காயம்?" என்று கேட்டாள்.

"அண்ணையைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

மனைவி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப எக்ஸ்சேஞ்சைப் பூட்டியாச்சோ?" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் கவனிக்காத மாதிரி உடுப்பு மாற்றப் போனேன்.

வழக்கு முடிந்தது. மறியல் இல்லை, கொஞ்சக் காலத்துக்குக் கண்காணிப்பு மட்டும். கோட்டு வாசலில் இரண்டு பேரும் நின்றோம். இனி அவன் எங்கேயும் போகலாம், யாரோடும் போகலாம். மொன்றியலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அண்ணி இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்டான். "போய்ப் பார்ப்பம்" என்றேன். வீட்டு பஸ்ஸில் ஏறினோம்.

பிறகு ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தான். அங்கேயே கொஞ்சக் காலம் இருந்தான். கலியாணம் செய்தான். இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் பிள்ளைகளோடு இருக்கிறான்.

அந்தப் படத்தின் கொப்பி வந்ததும் வாத்து வாட்டுகிறவர் கொண்டுவந்து தந்தார். நாங்கள் மூன்று பேரும் இருந்து பார்த்தோம். எங்கள் காட்சி கண் மூடித் திறக்கிற நேரம்தான். நான் அதில் இல்லை. நுரையும் கோப்பையும் தெரிகிறது. ஜன்னலுக்குள்ளால் தம்பி பாய்கிறான், வாய் பெரிதாகத் திறக்கிறது. குரல் அவனுடையது இல்லை. அந்தப் படங்களை எடுத்து முடித்த பிறகுதான் குரல் போடுவார்களாம். சீனத்தில் யாரோ கத்துகிறார், கீழே எழுத்தும் ஓடவில்லை. என்ன சொல்கிறார் என்று அடுத்த நாள் வாத்து வாட்டுகிறவரிடம் கேட்டேன். நெருப்பு, நெருப்பு என்று கத்துகிறாராம். தம்பியிடம் சொன்னேன். "உதுக்கோ அண்டைக்கு என்ரை தொண்டையைக் கிழிச்சவன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

படத்தின் முடிவையும் எழுதிவிட்டிருந்தார்கள். இளையவன் செத்துப்போகிறான். சாகும் வரைக்கும் மூத்தவனோடு கதைக்கவில்லை. அந்த இடம் வந்தபோது தம்பி எழும்பிப்போய் ரீவியை நிற்பாட்டினான்.

இன்றைக்கும் ஏதாவது கொண்டாட்டத்தில் கூடினால், கொஞ்சம் குடி உள்ளே போனதும் அந்தக் கதையை எடுப்பான். நீங்கள் சொன்னது பிழைதான் என்பான். திரும்பக் கேட்டாலும் சொல்லுவேன் என்பேன். மன்னிப்பு அவனும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு இனித் தீரும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வெடி கேட்டு எல்லோரும் வாசல் பக்கம் ஓடியபோது அவன் எந்தப் பக்கம் ஓடி வந்தான் என்பது எனக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.